வண்டிச் சக்கரமும் வாசல் வளையமும்



பல ஆண்டுகளுக்கு முன்னர், கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு நாங்கள் குடிபெயர்ந்த முதல் மார்கழியில், என் தாயார் நத்தாருக்காக ஒரு பச்சை வளையங் கட்டி வாசற் கதவிலே தொங்கவிட்டார். பழைய சைக்கிள் றிம் ஒன்று, அதன்மேல் தும்புக்கயிறு, கயிற்றிலே செருகிய சவுக்குக் கிளைகள். செலவு யாதும் இல்லை. அன்று மாலையே அடுத்த வீட்டு ஆச்சி படலையைத் திறந்து வந்து, தாழ்ந்த குரலில், "பிள்ளை, ஆருக்கு என்ன நடந்தது?" என்று வினவினார்.

ஆச்சியின் மீது பிழையில்லை. தமிழிலே மலர்வளையம் என்றால் அது மரண வீட்டுக்குச் செல்வது. மங்கலத்துக்கு நாம் கட்டுவது தோரணம், அணிவது மாலை. தோரணத்திலுங்கூட நன்மைக்கு மடிக்கும் ஓலை வேறு, துக்கத்துக்கு மடிக்கும் ஓலை வேறு என்று கண்டு கடைப்பிடிக்கும் சமூகத்தின் வாசலில் வட்டமான பச்சை ஒன்று தொங்கினால், அது எதனைச் சொல்லும்?

இந்த ஐயம் நமக்கு மட்டும் உரியதன்று. பண்டைய உரோமர் விழா நாட்களில் தம் வாசல்களை லாரல் இலைகளால் அலங்கரித்து விளக்கேற்றினர். கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ அறிஞர் தெர்த்துல்லியன், கி.பி. 200ஐ அடுத்த ஆண்டுகளில், கிறிஸ்தவர் வீட்டு வாசல்களிலும் இவை காணப்படுவதைக் கண்டு கடிந்து எழுதினார். இலைமுடி அணிய மறுத்த ஒரு போர்வீரனைப் போற்றி அவர் தனி நூலே இயற்றினார். இன்று கிறிஸ்தவ அடையாளம் என்று கருதப்படும் வாசற்பச்சையை அன்று வெறுத்தவர் ஒரு கிறிஸ்தவரே என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

ஆயினும், நான்கு மெழுகுதிரிகள் தாங்கிய திருவருகைக்கால வளையத்தின் கதை வேறு. அது மிகப் பிந்தியது. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரத்தருகே, ஆதரவற்ற ஏழைச் சிறுவருக்காக யோஹான் ஹின்ரிக் விகெர்ன் என்னும் புரட்டஸ்தாந்து போதகர் 1833இல் ஓர் இல்லம் நிறுவினார். மார்கழி வந்துவிட்டால், "நத்தார் இன்றா? நாளையா?" என்று நாள்தோறும் அச்சிறுவர் கேட்பது வழக்கம். 1839இல் அவர் அதற்கு ஒரு விடை கண்டார். பழைய வண்டிச் சக்கரம் ஒன்றை எடுத்து, அதன் விளிம்பில் 20 சிறிய செந்நிறத் திரிகளையும் 4 பெரிய வெண்ணிறத் திரிகளையும் நிறுத்தினார். வாரநாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது. அவ்வாண்டு டிசம்பர் முதலாந் தேதியே ஞாயிற்றுக்கிழமை. ஆதலால் 24ஆந் தேதி வரை எண்ணினால் கணக்குச் சரியாக வரும். எண்ணத் தெரியாத பிள்ளையும் எஞ்சிய திரிகளைப் பார்த்து எஞ்சிய நாட்களை அறிந்துகொள்ளும்.

அச்சக்கரத்தில் முதலில் இலை எதுவும் இருக்கவில்லை. ஏறக்குறைய 1860ஆம் ஆண்டளவிலேதான் ஊசியிலைக் கிளைகள் அதனைச் சூழ்ந்தன. பின்னர் அது வீடுகளுக்குப் பரவியபோது, சிறு மேசைக்கு 24 திரிகள் மிகையாதலால் ஞாயிறுகளுக்குரிய நான்கு மட்டும் நின்றன. கத்தோலிக்க ஆலயமொன்றில் அது முதன்முதல் தொங்கியது 1925இல், கோல்ன் நகரத்திலாகும். நமது கொழும்பின் வுல்ஃபெண்டால் ஆலயம் 1757இல் திறக்கப்பட்டது. அதாவது, அவ்வாலயம் எழுந்து 82 ஆண்டுகள் சென்ற பின்னரே ஹம்பர்க்கின் அந்தச் சக்கரத்தில் முதல் திரி எரிந்தது. தொன்றுதொட்டு வந்தது என்று நாம் கருதும் எத்தனையோ வழக்கங்கள் இவ்வாறே இளையவை!

கொழும்பிலே பனியுமில்லை, ஊசியிலைக் காடுமில்லை. சவுக்கு அக்குறையைத் தீர்த்தது. அதன் ஊசிபோன்ற பகுதிகள் உண்மையில் இலைகளல்ல, கணுக்கணுவான மெல்லிய சிறுகிளைகள். ஒடித்த சில நாட்களில் அவை காய்ந்து உதிரும். காய்ந்த சவுக்கோ எளிதில் தீப்பற்றும். ஆகவே வாரந்தோறும் புதுக்கிளை மாற்றுவதும், திரிகளை ஆளில்லாத அறையில் எரியவிடாதிருப்பதும் கட்டாயம். திரிக்குப் பீடமாக என் தாயார் வைத்தது பால்மா டின்னின் மூடி. திரிகளின் நிறம் மூன்று ஊதா, ஒன்று ரோசா. ஊதாத் திரி கிடைக்காவிடில் வெள்ளைத் திரியில் ஊதாக் கடதாசி சுற்றப்படும். அதுவும் சென்ற ஆண்டு எடுத்துவைத்த கடதாசிதான். குருத்தோலை ஞாயிற்றின் ஓலையைப் பத்திரப்படுத்தி, அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாக்கும் மக்களுக்கு இச்சிக்கனம் புதியதன்று.

ஆச்சியின் வினாவுக்கு வருவோம். "ஒண்டுமில்லை ஆச்சி, நத்தாருக்குக் கட்டினது" என்று விடையளித்த என் தாயார், அன்றிரவே வளையத்தைக் கதவிலிருந்து கழற்றினார். மேசைமேல் படுக்கையாக வைத்து, மூடிகளைப் பொருத்தி, முதல் திரியை ஏற்றினார். மறுநாள் வந்து கண்ட ஆச்சிக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. நிமிர்ந்து தொங்கியபோது துக்கமாகத் தோன்றியது, படுத்துச் சுடர் தாங்கியபோது விளக்காயிற்று. கார்த்திகைக்கு வாசலில் விளக்கு வைத்தவர் அல்லவா அவர்! அடுத்த ஞாயிறு, இரண்டாந் திரி எரியும் நேரத்துக்குத் தாமாகவே வந்தமர்ந்தார். ஹம்பர்க் போதகரின் சக்கரத்தைப் பற்றி அவ்விருவரும் ஒன்றும் அறியார்.

இன்று புறக்கோட்டைக் கடைகளிலே பிளாஸ்டிக் வளையங்கள் பளபளக்கின்றன. காய்வதில்லை, உதிர்வதில்லை, ஆனால் அவற்றுட் பல கதவுக்கென்றே செய்யப்பட்டவை, திரி வைக்க இடமில்லாதவை. எண்ணுவதற்காகப் பிறந்த பொருளில் எண்ண எதுவுமில்லை என்பதே அவற்றின்மீது என் குறை.

நாங்கள் மீண்டும் கொட்டாஞ்சேனைக்கே வந்துவிட்டோம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அதன் பின்னர் இப்பகுதி வீதிகளிலே மலர்வளையங்கள் சென்றதை நான் கண்டேன். அவ்வாண்டு மார்கழியில் வளையங் கட்டுவதா என்று வீட்டில் வாதம் எழுந்தது. ஈற்றில் கட்டினோம். அம்மாவின் அதே றிம், புதிய சவுக்கு. கதவில் தொங்கவிட எவருக்கும் மனம் வரவில்லை. மேசையில் வைத்து, ஞாயிறுக்கு ஒன்றாக நான்கையும் ஏற்றினோம்.