வருடம் இல்லாத நாட்குறிப்பு: லொக்குகளைத் தேடிப் படித்தவர்களின் கதை

போன வருடம் எங்கட குழுவின் சேர்வரிலிருந்து ஒரு கோப்புறை காணாமல் போனது. 14 நேர்காணல்கள், எல்லாம் ஒலிப்பதிவுகள். அம்மம்மாமாரின் வீட்டுத் திண்ணைகளில் இருந்து நாங்கள் பதிந்தவை. யார் அழித்தது என்று தேட வெளிக்கிட்டபோதுதான், லொக் என்று ஒரு சாமான் இருப்பதே கலைப்பீடத்துக்காரரான எங்களுக்குத் தெரியவந்தது. இயந்திரம் தனக்கு நடக்கிற ஒவ்வொன்றையும் நேரம் போட்டு ஒரு வரியாக எழுதிக்கொண்டே போகும். திறந்து பார்த்தால் ஆயிரக்கணக்கான வரிகள். பெயரைத் தேடலாம் என்று யாரோ சொல்ல, எங்களில் ஒருவரின் பயனர் பெயரைத் தட்டினோம். வந்தது: அவர் பெயர், பக்கத்தில் அழிக்கும் கட்டளை, நேரம் 20:40. அந்த நாள் இரவு எட்டு நாற்பதுக்கு அவர் கணினிக்கு முன்னால் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். கேட்டோம் என்பதைவிட, விசாரித்தோம் என்பதுதான் சரி. "நான் செய்யேல்ல" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். இரண்டு கிழமை கூட்டத்துக்கு வரவில்லை.

மிச்சக் கதையைக் கடைசியில் சொல்கிறோம். அந்த இரண்டு கிழமையில்தான் இந்த லொக்குகளை யார் எழுதத் தொடங்கினார்கள், யார் எப்படி அதற்குள் தேடினார்கள் என்று வாசிக்கத் தொடங்கினோம். வாசிக்க வாசிக்க, இது எங்கட பாடத்துக்கு வெளியே உள்ள விஷயமில்லை என்று பட்டது.

சொல்லே கப்பலில் இருந்து வந்தது. பழைய கப்பலோட்டிகள் முடிச்சுப் போட்ட கயிற்றில் ஒரு மரத்துண்டைக் கட்டிக் கடலில் எறிவார்கள். மணற்கடிகாரம் வடிகிற நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ணினால் கப்பலின் வேகம் தெரியும். அந்த மரத்துண்டுதான் லொக். எண்ணியதை எழுதி வைத்த புத்தகம் லொக் புத்தகம் ஆனது, பிறகு காற்று, திசை, நோய், சாவு எல்லாம் அதற்குள் வந்தன. ஆவணக் காப்பகத்தில் பிரித்தானியக் காலத்து அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளைப் புரட்டினவர்களுக்கு இந்த வகை எழுத்து பழக்கம். நாள் நாளாகப் போகும். விஷயம் விஷயமாகப் போகாது. உங்களுக்கு வேண்டிய ஒரு வரிக்காக ஒரு வருடத்தையே வாசிக்க வேண்டும்.

கணினியில் அந்த ஒரு வரியை இழுத்தெடுக்க இன்றைக்கும் உலகம் பாவிக்கிற கருவியின் பெயர் கிரெப். அது பிறந்த கதை எங்களை ஆச்சரியப்படுத்தியது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இருந்த பெல் ஆய்வுகூடத்தில், 1970களின் தொடக்கத்தில், லீ மக்மேன் என்பவர் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1787, 1788 இல் அமெரிக்க அரசியலமைப்புக்கு ஆதரவாகப் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகள் அவை. எழுதியவர்கள் ஹமில்டன், மடிசன், ஜே ஆகிய மூவர். சில கட்டுரைகளை எழுதியது ஹமில்டனா மடிசனா என்பதில் நீண்ட சண்டை. சொற்பாவனையைப் பார்த்து ஆசிரியரை அடையாளம் காணலாமா என்பது கேள்வி. அதாவது முழுக்க முழுக்க எங்கட கேள்வி, வரலாறும் இலக்கியமும் படிக்கிற ஆக்களின் கேள்வி.

சிக்கல் என்னவென்றால், அப்போதிருந்த ஈடி என்ற தொகுப்பானுக்குள் அவ்வளவு பெரிய பனுவல் அடங்காது. இயந்திரங்களின் நினைவகம் அவ்வளவு சின்னது. கென் தொம்சன் ஈடிக்குள் இருந்த தேடும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தனி நிரலாக்கினார். அது கோப்பு முழுவதையும் நினைவில் தூக்கி வைக்காது. வரி வரியாக வாசிக்கும், பொருந்தினால் காட்டும், பொருந்தாவிட்டால் விட்டுவிட்டுப் போகும். ஈடியில் 'எல்லா இடத்திலும் இந்த வடிவத்தைத் தேடி அச்சிடு' என்பதற்கான கட்டளை ஜி, ஆர்ஈ, பி. சேர்த்து வாசித்தால் கிரெப். இதே பிறப்பை டக் மக்கில்ரோய் வேறு விதமாகச் சொல்வார்: தான்தான் தொம்சனிடம் கேட்டதாகவும், அடுத்த நாளே நிரல் கைக்கு வந்ததாகவும், உண்மையில் தொம்சன் அதை ஏற்கெனவே தன் சொந்தப் பாவனைக்கு எழுதி வைத்திருந்ததாகவும். இரண்டு சாட்சி, இரண்டு கதை. வரலாறு படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. 1973 இல் கிரெப் யுனிக்ஸின் கையேட்டுக்குள் வந்துவிட்டது. அதே வருடம் மக்கில்ரோய் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த குழாயும் யுனிக்ஸுக்குள் வந்தது. ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலின் வாய்க்குள் ஊற்றுகிற வசதி அது. தேடியதற்குள் மறுபடி தேடலாம், அதை எண்ணலாம், வரிசைப்படுத்தலாம். லொக் படிப்பதென்பது இன்றைக்கும் பெரும்பாலும் இதுதான்.

திரையில் பக்கம் பக்கமாகக் காட்டுகிற 'மோர்' என்ற நிரல் 1978 இல் வந்தது. அது முன்னுக்கு மட்டும்தான் போகும். லொக்கில் பிழை கடைசியில்தான் கண்ணில் படும், காரணம் அதற்கு மேலே எங்கேயோ கிடக்கும். பின்னுக்குப் போக வேண்டும் என்ற தேவைக்காக மார்க் நுடல்மன் 1983க்கும் 1985க்கும் இடையில் 'லெஸ்' எழுதினார். பெயரே ஒரு பகிடி.

இவ்வளவும் தேடுகிற பக்கம். எழுதுகிற பக்கத்தில் ஒரு ஒழுங்கைக் கொண்டுவந்தவர் எரிக் ஒல்மன். 1980களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலை எழுதிக்கொண்டிருந்தவர், அதன் செய்திகளைப் பதிய சிஸ்லொக் என்ற ஒன்றையும் சேர்த்து எழுதினார். மற்ற நிரல்களும் அதையே பாவிக்கத் தொடங்கின. ஒல்மனின் கெட்டித்தனம், ஒவ்வொரு வரிக்கும் இரண்டு முத்திரை குத்தியது. ஒன்று, எந்தப் பகுதியிலிருந்து வருகிறது: கருவா, அஞ்சலா, நுழைவுச் சோதனையா, அச்சியந்திரமா. மற்றது, எவ்வளவு அவசரம்: 0 இலிருந்து 7 வரை. 0 என்றால் இயந்திரமே பாவிக்க ஏலாத நிலை. 3 என்றால் பிழை. 7 என்றால் நிரல் எழுதினவர் தனக்குள் முணுமுணுக்கிற விஷயம். பிறகு யார் என்றாலும் '3க்கும் அதைவிட அவசரமானதும் மட்டும் காட்டு' என்று கேட்கலாம். இது அட்டவணைப்படுத்தல். நூலகர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது.

ஆனால் அந்த வரியில் ஒரு குறை இருந்தது. மாதம், திகதி, மணி, நிமிடம், செக்கன் எல்லாம் இருக்கும். வருடம் இருக்காது. எந்த நாட்டு நேரம் என்பதும் இருக்காது. நேற்று நடந்ததை இன்றைக்குப் படிக்கிறவருக்காக எழுதினது, ஆகவே வருடம் எதற்கு? கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டு மட்டும் இருந்து அரசன் பெயர் உடைந்து போனால் என்ன பாடு என்று எங்கட விரிவுரைகளில் கேட்டிருக்கிறோம். கிட்டத்தட்ட அதே பாடு. இவ்வளவு பேர் பாவித்த சிஸ்லொக்குக்கு நெடுநாளாக எழுத்தில் ஒரு வரையறைகூட இருக்கவில்லை. 2001 இல் வந்த ஆவணம் நடைமுறையில் இருந்ததை விவரித்தது, அவ்வளவுதான். வருடத்தையும் நேர வலயத்தையும் சேர்த்த புதிய வரையறை 2009 இல் வந்தது. பழைய வடிவம் அதற்குப் பிறகும் பல இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கட சேர்வரும் அப்படி ஒன்று.

லொக் படிப்பதற்கு இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1986 ஓகஸ்ட், கலிபோர்னியாவின் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடம். கிளிஃபர்ட் ஸ்டோல் வானியலாளர். அந்த வேலைக்குப் பணம் முடிந்துபோக, கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டவர். கணினி நேரத்துக்குக் கட்டணம் அறவிடுகிற கணக்கில் 75 சதம் இடிக்கிறது என்று அவரிடம் கொடுத்தார்கள். 75 சதம்! யாரோ ஒருவர் 9 செக்கன் கணினியைப் பாவித்துவிட்டுக் காசு கட்டவில்லை. அவர் அதை விடவில்லை. நுழைந்தவர் இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் பிடித்துவிட்டார் என்று கண்டுகொண்டார். முழு அதிகாரம் உள்ளவன் லொக்கையும் திருத்தலாம். ஆகவே இயந்திரம் எழுதுவதை நம்பாமல், ஒரு வார இறுதியில் சக ஊழியர்களின் மேசைகளிலிருந்து முனையங்களையும் அச்சியந்திரங்களையும் இரவல் எடுத்து, உள்ளே வருகிற 50 தொலைபேசி இணைப்புகளிலும் பூட்டினார். நுழைந்தவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் விழுந்தது. காகிதத்தைத் தொலைவிலிருந்து யாரும் அழிக்க முடியாது.

அந்தக் காகிதத்தில் தெரிந்தது: நுழைந்தவரும் தேடிக்கொண்டிருந்தார். இராணுவக் கணினிகளுக்குள் போய் அணு, விண்வெளிப் பாதுகாப்புத் திட்டம் போன்ற சொற்களைக் கோப்புகளுக்குள் தேடினார். சுமார் 450 கணினிகளைத் தட்டிப் பார்த்து, 30க்கு மேற்பட்டவற்றுக்குள் நுழைந்திருந்தார். ஸ்டோல் பொய்க் கோப்புகளைப் பரப்பி வைத்து, அவர் இணைப்பில் நீண்ட நேரம் இருக்கும்படி செய்து, தொலைபேசித் தடத்தைப் பிடிக்க வைத்தார். முடிவு மேற்கு ஜேர்மனியின் ஹனோவர் நகரில், மார்கஸ் ஹெஸ் என்பவரிடம். எடுத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்றிருந்தார்கள். 75 சதக் கணக்கை யாராவது 'சரி விடு' என்று சொல்லியிருந்தால் இதெல்லாம் இல்லை.

லொக்கைத் திருத்தலாம் என்ற பயம் 2011 இல் மறுபடி வந்தது. லினக்ஸ் கருவின் தாயகமான கேர்னல் தளத்துக்குள்ளேயே ஆட்கள் புகுந்துவிட்ட வருடம் அது. லெனார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் ஜேர்னல் என்ற புது முறையை முன்வைத்தார்கள். வரி வரியான எழுத்துக்குப் பதில், சுட்டி போட்ட இருமக் கோப்பு. 'நேற்றிலிருந்து', 'இந்தச் சேவை மட்டும்', 'கடைசியாக இயந்திரம் எழும்பியதிலிருந்து', 'பிழைகள் மட்டும்' என்று நேரடியாகக் கேட்கலாம். வருடம் இருக்கும். பாவித்துப் பார்த்தோம், உண்மையாகவே லேசு. ஆனால் பழைய ஆக்கள் கொதித்தார்கள். அந்தக் கோப்பை அதற்கான நிரல் இல்லாமல் படிக்க ஏலாது, கிரெப் நேரடியாக வேலை செய்யாது, கோப்பு பழுதானால் என்ன செய்வது என்று. எங்களுக்கு இரண்டு பக்கமும் விளங்குகிறது. ஏட்டைப் படிக்க ஏடு படிக்கத் தெரிந்தால் போதும் என்பது பெரிய விஷயம். அட்டவணை இல்லாத ஏட்டுக்கட்டு பாதி தொலைந்த ஏட்டுக்கட்டு என்பதும் உண்மை. வாக்கெடுப்பு என்றால் நாங்கள் ஜேர்னல் பக்கம்தான், எழுத்துக் கோப்பாக ஒரு பிரதியும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பெரிய நிறுவனங்களுக்கு ஒரு இயந்திரமில்லை, ஆயிரம். அங்கே எல்லா லொக்கையும் ஒரே இடத்தில் குவித்துத் தேடுகிற மென்பொருட்கள் வந்தன. 2003 இல் தொடங்கிய ஸ்ப்ளங்க் குகைக்குள் நுழைந்து ஆராய்வதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து பெயர் எடுத்தது. 2010 இல் வந்த எலாஸ்டிக்சேர்ச்சின் வேர் ஒரு குசினியில் இருக்கிறது: ஷாய் பானோன், லண்டனில் சமையல் படிக்கப் போன மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேடுவதற்கு ஒரு நிரல் எழுதத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது அது. ஒரு பக்கம் ஃபெடரலிஸ்ட் கட்டுரை, இன்னொரு பக்கம் சமையல் குறிப்பு. எங்களைப் போன்ற சின்ன ஆக்களுக்கு எல்நாவ் என்ற இலவச நிரல் போதும். பல கோப்புகளை நேர வரிசையில் ஒன்றாக்கி, பிழைகளைச் சிவப்பில் காட்டும்.

இனி எங்கட கதை. விஞ்ஞான பீடத்து அண்ணா ஒருவர் வந்து கோப்பைப் பார்த்தார். முதலில் கேட்டது, "இந்த நேரம் எந்த நாட்டு நேரம்?" சேர்வர் உலகப் பொது நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். 20:40 என்றது அடுத்த நாள் அதிகாலை 2:10. அந்த நேரம் எங்கட நண்பர் நித்திரை. அடுத்ததாக, அதே வரியில் 'க்ரோன்' என்று ஒரு சொல் இருந்ததைக் காட்டினார். நாங்கள் அதைப் பார்த்தோம், விளங்காததால் தாண்டிப் போயிருந்தோம். குறித்த நேரத்தில் தானாக வேலைகளை ஓட்டுகிற நிரலின் பெயர் அது. அந்தச் சொல்லைக் கிரெப்பில் தேடினால் ஒவ்வொரு இரவும் 20:40, ஒவ்வொரு இரவும் அதே கட்டளை, ஒவ்வொரு இரவும் அவர் பெயர். தற்காலிகக் கோப்புறையில் 30 நாளுக்கு மேல் கிடக்கிறதை அழிக்கச் சொல்லி, தளத்தை அமைத்த காலத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்து அவர் கணக்கில் எழுதி வைத்தது. நேர்காணல்களைத் தற்காலிகக் கோப்புறையில் போட்டது வேறு ஆக்கள். அதில் இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்களும் அடக்கம்.

14 இல் 11 பதிவுகள் ஃபோன்களில் மிஞ்சியிருந்தன. மிச்சம் மூன்றில் ஒரு அம்மம்மா இப்போது இல்லை.

நண்பரின் வீட்டுக்கு மூன்று பேர் போனோம். அவர் தேத்தண்ணி தந்தார், கோபம் முழுதாகப் போனதாகத் தெரியவில்லை. போகிற வழியில் கேற்றடியில் நின்று, "சேர்வர் நேரத்தை மாத்தினீங்களா?" என்று கேட்டார். இன்னும் மாற்றவில்லை என்றோம். உள்ளே போய் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்தார்.