கணினி மெதுவாகிறதா? எந்தப் பாகம் திணறுகிறது என்பதைத் திரையிலேயே பார்க்கலாம்

பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய கணினி சில ஆண்டுகளில் மெதுவாகிவிட்டால், புதியது வாங்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழுவது இயல்பு. ஆனால், பல வேளைகளில் ஒரு பாகத்தை மாற்றினாலே போதும். அது எந்தப் பாகம் என்று கண்டறியும் கருவி, விண்டோஸ் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது.

'டாஸ்க் மேனேஜர்' எனப்படும் அக்கருவியை உருவாக்கியவர் மைக்ரோசாஃப்ட் பொறியாளராக இருந்த டேவ் பிளம்மர். 1996-இல் வெளியான விண்டோஸ் என்டி 4.0-இல் அது இடம்பெற்றது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். அதிலுள்ள 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் ஒவ்வொரு பாகத்தின் உழைப்பும் வரைபடமாக ஓடும். கணினி திணறும் வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனிக்க வேண்டும்.

ரேம்: 'மெமரி' அளவு எப்போதும் 90 விழுக்காட்டை ஒட்டியே நின்றால் ரேம் போதவில்லை என்று பொருள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி. ரேம் பொருத்தும் இடங்களில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பதும் அங்கேயே தெரியும். சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்ற முடியாது.

ஹார்ட் டிஸ்க்: 'டிஸ்க்' நெடுநேரம் 100 விழுக்காட்டிலேயே இருந்து, அதன் வகை 'எச்டிடி' எனக் காட்டினால், எஸ்எஸ்டிக்கு மாறுவது பெரிய வேறுபாட்டைத் தரும். விண்டோஸ் புதுப்பிப்போ வைரஸ் சோதனையோ நடக்கும்போதும் இந்த அளவு ஏறும். அது முடியும்வரை பொறுத்திருந்து மீண்டும் பார்க்க வேண்டும்.

செயலி: 'சிபியு' கடுமையாக உழைக்கும்போது அதன் வேகம், அருகில் குறிக்கப்பட்டுள்ள அடிப்படை வேகத்தைவிடக் குறைந்தால் சூடு காரணமாக இருக்கலாம். விசிறியில் தூசு அடைத்திருந்தால் சுத்தம் செய்வதே போதுமானதாக இருக்கக்கூடும். மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்து வைத்துச் சோதிப்பது நல்லது.

விளையாடும்போதும் இந்த அளவுகளைப் பார்க்க விரும்புவோர், விண்டோஸ் விசையுடன் ஜி எழுத்தை அழுத்தி 'கேம் பார்' திறந்து, அதிலுள்ள 'பெர்ஃபார்மன்ஸ்' பெட்டியைத் திரையோரம் நிலைநிறுத்தலாம். முகப்புத் திரையில் எந்நேரமும் காண 'ரெயின்மீட்டர்' என்ற இலவச மென்பொருள் உண்டு. செயலியின் வெப்பநிலையை டாஸ்க் மேனேஜர் காட்டாது. அதற்கு 'எச்டபிள்யூஇன்ஃபோ' உதவும். இவற்றை அவற்றின் அதிகாரப்பூர்வத் தளங்களிலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும்.

ஓரிரு நொடி 100 விழுக்காட்டைத் தொடுவது கோளாறு அல்ல. தொடர்ந்து அங்கேயே நின்றால், அத்திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு பழுதுபார்க்கும் கடைக்குச் செல்லலாம். எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்து போகிறவர், தேவையில்லாத பாகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.