கிளிப்பிங் மாஸ்க்: ஒளிப்படத்துக்கு உருவம் தரும் அடி லேயர்

கிளிப்பிங் மாஸ்க் என்பது ஒளிப்படத் திருத்த மென்பொருள்களில் ஒரு லேயரின் வடிவத்துக்குள் அதன் மேலுள்ள லேயர்களை அடக்கிக் காட்டும் முறை. அடி லேயரில் எங்கெல்லாம் வண்ணம் இருக்கிறதோ அங்கு மட்டும் மேலுள்ள படம் தெரியும். அடியில் வெறுமையாக உள்ள இடங்களில் மேலுள்ளதும் கண்ணுக்கு மறையும். மறைந்த பகுதி அழிவதில்லை. படத்தை நகர்த்தினால் வேறு பகுதி வெளியே வரும். ஃபோட்டோஷாப்பில் இரண்டு லேயர்களுக்கு நடுவே உள்ள கோட்டில் ஆல்ட் விசையோடு சொடுக்கினால், மேல் லேயர் சற்று உள்ளே தள்ளிச் சிறு அம்புக்குறியோடு நிற்கும்; அடி லேயரின் பெயருக்குக் கீழ்க்கோடு விழும். கற்க ஐந்து நிமிடம் போதும் என்பதாலேயே பலர் இதைச் சில்லறை உத்தியாக ஒதுக்கிவிடுகிறார்கள். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற தொழில் வட்டாரங்களின் ஃபிளெக்ஸ் கடைகளிலும் ஸ்டுடியோக்களிலும் நடக்கும் வேலையை வைத்துப் பார்த்தால் இந்த மதிப்பீடு தவறு என்பது புலப்படும். அடியில் எந்த உருவத்தை வைப்பது என்ற தேர்வில்தான் இந்த உத்தியின் படைப்பாற்றல் முழுவதும் இருக்கிறது.

இதன் கணக்கு ஃபோட்டோஷாப்பைவிடப் பழையது. லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று சேர்ப்பதற்கான விதிகளை வகுத்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தோடு அது எவ்வளவு மறைக்கிறது என்ற அளவும் உண்டு என்பது அதன் அடிப்படை. 'அட்டாப்' என்று அவர்கள் பெயரிட்ட விதியில், சேர்ந்து வரும் படத்தின் மறைப்பளவைக் கீழ்ப்படமே முடிவு செய்யும். கிளிப்பிங் மாஸ்க் செய்வதும் அதைத்தான். ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990-ல் வந்தது; லேயர்கள் 1994-ல் மூன்றாம் பதிப்போடு வந்தன. கோரல்டிரா மென்பொருளில் இதே வேலையைப் பவர்கிளிப் என்ற கருவி செய்கிறது. நம் ஊர் அச்சுக்கூடங்களில் பலருக்கு முதலில் பழக்கமானது அதுதான். கணினிக்கு முன்பே இருட்டறையில் கறுப்புக் காகிதத்தை இதய வடிவிலோ முட்டை வடிவிலோ வெட்டி, அச்சுத்தாளின் மேல் வைத்து ஒளியூட்டிய ஸ்டுடியோக்காரர்களும் இதைச் செய்தார்கள். தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ணியமாக்கிச் சேமித்திருக்கிறது. அந்தத் தலைமுறையின் ஒட்டுப்படக் கலையைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அது நல்ல வாயில். ஆனால் இருட்டறை மாஸ்க்கில் ஒருமுறை ஒளி பட்டால் அதோடு சரி. கணினியில் முடிவைக் கடைசி வரை தள்ளிப்போடலாம். பத்து உருவங்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். இந்தச் சுதந்திரத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதே கேள்வி.

இதற்கான விடையைத் திருவள்ளூர் மாவட்டத்தின் கடைகளில் தேடலாம். சென்னையிலிருந்து புறநகர் ரயில் தடம் ஒன்று மேற்கே திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போகிறது. இன்னொன்று வடக்கே கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகத்தில் இரும்பை உருக்கிக் கம்பி உருட்டும் ஆலைகள் உண்டு. அருகே தேர்வாய்கண்டிகையில் இன்னொரு சிப்காட் பூங்கா. தமிழோடு தெலுங்கும், வேலைக்கு வந்தவர்களின் இந்தியும் ஒடியாவும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி இது. ஆகவே இங்குள்ள டிசைனர் ஒரே நாளில் காதணி விழாப் பேனரும், கண்ணீர் அஞ்சலியும், ஆலைக்கான பாதுகாப்புப் பலகையும், கம்பி வியாபாரியின் விளம்பரமும் செய்ய வேண்டியிருக்கிறது. நான்குக்கும் ஒரே ஆயத்த பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பைத் திறந்து, வட்டத்துக்குள் முகத்தைப் போட்டு அனுப்புவது எளிது. வட்டம் எதையும் சொல்வதில்லை. முகத்தைச் சுற்றியிருப்பதை நீக்குவதோடு அதன் வேலை முடிந்தது. அங்கே கிளிப்பிங் மாஸ்க் கத்தரிக்கோலாக மட்டுமே பயன்பட்டிருக்கிறது.

எழுத்தை அடி லேயராக வைக்கும்போது இந்த வேறுபாடு தெளிவாகும். கும்மிடிப்பூண்டி என்ற ஊர்ப்பெயரைத் தடித்த எழுத்தில் அடித்து, அதற்குள் உருக்காலையின் செங்கனல் படத்தைப் பொருத்துவதாகக் கொள்வோம். எட்டு எழுத்துகள், அவற்றில் மூன்று மெய்யெழுத்துகள். ஒற்றைப் படம் எட்டுத் துண்டுகளாகத் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும். இருட்டான கூரை விழும் எழுத்து செத்துவிடும். கனல் விழும் எழுத்து எழுந்து நிற்கும். தமிழ் எழுத்தில் ரோமன் எழுத்தில் இல்லாத சிக்கல்களும் உண்டு. சுழிகளும் வளைவுகளும் மிகுதி. எழுத்துக்குள் படம் நிரம்ப அகலமான பரப்பு குறைவு. மெய்யின் புள்ளி தனித்து நிற்கும் சிறு வட்டம். அதில் விழும் படப்பகுதியின் நிறம் பின்னணி நிறத்தோடு ஒத்துப்போனால் புள்ளி காணாமல் போகும், ஊர்ப்பெயரே பிழையாகிவிடும். எனவே கோடு சீராகத் தடித்த எழுத்துரு வேண்டும். பெரிய உருவங்களும் பரந்த நிறங்களும் கொண்ட படம் வேண்டும். புள்ளிகள் விழும் இடத்தில் வெளிச்சம் இருக்குமாறு படத்தை நகர்த்த வேண்டும். கூட்டப் படத்தை எழுத்துக்குள் போட்டால் முகமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. எழுத்துக்கு மெல்லிய வெளிக்கோடு கொடுப்பது பாதுகாப்பான வழி. அந்த விளைவை அடி லேயருக்குக் கொடுத்தால் போதும், எழுத்தின் உருவம் முழுவதையும் சுற்றி அது வந்துவிடும்.

எழுத்துரு பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பும் இங்கே தேவை. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகள் யுனிகோடு தமிழை ஒழுங்காகக் கோக்கவில்லை. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதனால்தான் பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்கள் பேனர்த் தொழிலில் வேரூன்றின. தமிழக அரசு யுனிகோடை 2010-ல் தரமாக ஏற்ற பிறகும் கடைகளில் அவை நீடிக்கின்றன. இப்போதைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தால் யுனிகோடு தமிழ் சரியாக வரும். இதன் பயன் பெரிது: அடி லேயர் உயிருள்ள எழுத்தாகவே இருக்கும், பெயரில் பிழை கண்டால் திருத்தி அடிக்கலாம், மேலுள்ள படம் தானாகப் புதிய எழுத்துக்குள் பொருந்தும். எழுத்தை வெறும் உருவமாக மாற்றிவிட்டால் வேறு கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. ஆனால் திருத்த முடியாது. இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொள்வதே முறை.

எழுத்தைத் தாண்டிச் சென்றால் திருவள்ளூர் மாவட்டமே உருவங்களின் சுரங்கம். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-ல் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள்; சாந்தி பப்புவும் குழுவினரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு அங்குள்ள கைக்கோடரிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டுசென்றது. அந்தக் கைக்கோடரியின் துளி போன்ற வெளிக்கோட்டை அடி லேயராக வைத்து, அதற்குள் இன்றைய உருட்டாலையில் செந்நிறமாக ஓடும் கம்பியைப் பொருத்தினால், கருவி செய்த நிலத்தில் இன்னும் கருவிக்கான பொருள் செய்யப்படுகிறது என்பதை ஒரு சொல்கூட இல்லாமல் காட்டலாம். அதே கம்பிப் படத்தை வட்டத்துக்குள் போட்டால் அது கம்பிப் படம் மட்டுமே. பழவேற்காடு ஏரியின் பூநாரை உருவத்துக்குள் ஏரியின் நீர்ப்பரப்பையே வைப்பது இன்னொரு வகை: பறவையும் அதன் வாழிடமும் ஒரே கோட்டுக்குள் வந்துவிடும். தேசியப் பாதுகாப்பு நாளான மார்ச் 4-ஐ ஒட்டி ஆலைகளில் வைக்கும் பலகைக்குத் தலைக்கவச உருவம் அடி லேயராகலாம். உள்ளே தொழிலாளியின் குடும்பப் படம். எந்த மொழிக்காரருக்கும் புரியும் பலகை அது. பல மொழி பேசும் தொழிற்பேட்டையில் இது அழகு சார்ந்த விஷயம் மட்டுமல்ல, பயன் சார்ந்ததும்கூட.

அடி உருவத்தில்தான் படைப்பாற்றல் இருக்கிறது என்ற வாதத்துக்கு முதல் மறுப்பு: இதையெல்லாம் லேயர் மாஸ்க்கிலும் செய்யலாமே? செய்யலாம், ஓரளவுக்கு. லேயர் மாஸ்க் ஒரு லேயரோடு ஒட்டிய கறுப்பு வெள்ளைப் படம். மயிர், புகை, மங்கும் விளிம்பு ஆகியவற்றுக்கு அதுவே சிறந்தது. ஆனால் ஒரே உருவத்துக்குள் ஐந்து படங்கள், அவற்றின் மேல் ஒரு நிறத்திருத்தம், அதன் மேல் துருப்பிடித்த தகட்டின் சொரசொரப்பு என்று அடுக்க வேண்டுமானால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அடி லேயர் இருப்பது வசதி. அடி லேயரின் பிளெண்டிங் முறையும் ஒளிபுகு அளவும் மேலுள்ளவற்றையும் கட்டுப்படுத்தும் என்பதால், முழுக் கூட்டையும் ஒரே பொருளாகக் கையாளலாம். அன்றாட வேலையில் இதன் மிகப் பெரிய பயனும் இங்கேதான் இருக்கிறது: கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் தனி லேயரில் இருந்தால், வெளிச்சத் திருத்த லேயரை அதனோடு கிளிப் செய்தால் முகம் மட்டும் தெளியும், புடவையின் அரக்கு நிறம் கெடாது.

இரண்டாவது மறுப்பு நேரம் பற்றியது. மாலைக்குள் பேனர் தொங்க வேண்டும் என்று வாடிக்கையாளர் நிற்கும்போது யார் உருவம் தேடுவார்கள்? இது நியாயமான கேள்வி. இரவல் கோப்புகளை நம்பும் டிசைனரைக் குறைசொல்வது பொருந்தாது. ஆனால் ஆயத்தக் கோப்பும் கிளிப்பிங் மாஸ்க்கால் ஆனதுதான். அதில் வட்டத்தை நீக்கி வேறு உருவத்தை அடியில் வைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. தங்கள் ஊருக்கான இருபது உருவங்களை, அதாவது கோயில் கோபுரம், ஏரிக்கரை, கம்பிக் கட்டு, படகு, நெற்கதிர் போன்றவற்றை ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் உதவும். அவசரத்தால் கெடுவதைவிட, உருவம் எதுவாயிருந்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணத்தால் கெடுவதே அதிகம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: மாஸ்க் மறைக்கிறது. புகைபோக்கியைத் தவிர்த்துவிட்டு ஆலையின் தோட்டத்தை மட்டும் இலை வடிவத்துக்குள் காட்டினால் அது விளம்பரமா, பொய்யா? இலை வடிவமே பார்ப்பவரின் மனத்தில் பசுமை என்ற முடிவை முன்கூட்டியே ஏற்றிவிடுகிறது. அடி உருவம் பொருள் தரும் என்று மேலே சொன்னதன் மறுபக்கம் இது. பொருள் தர முடிந்த உருவத்தால் பொய்யும் சொல்ல முடியும். ஆயினும் ஓர் அளவுகோல் உண்டு. கிளிப்பிங் மாஸ்க் படத்தில் இல்லாத எதையும் சேர்ப்பதில்லை. வெட்டப்பட்ட விளிம்பும் வெளிப்படையாகத் தெரிகிறது. பார்ப்பவர் இது தேர்ந்து காட்டப்பட்டது என்று அறிந்தே பார்க்கிறார். தானாகப் படம் உருவாக்கும் கருவிகள் புகைபோக்கியை அழித்து வானத்தை நிரப்பும்போது அந்த விளிம்புகூட மிஞ்சுவதில்லை. எனினும் செய்திப் படத்துக்கும் சுற்றுச்சூழல் அறிக்கைக்கும் இந்த உத்தி பொருந்தாது. அங்கே முழுச் சட்டகம்தான் சான்று. மாஸ்க்கிட்ட படத்துக்கு உரிய இடம் சுவரொட்டியும் அட்டைப்படமும்.

அச்சுக்குப் போகும்போது சில கணக்குகளும் உண்டு. 20 அடிக்கு 10 அடி ஃபிளெக்ஸ் பலகையை அங்குலத்துக்கு 72 புள்ளி வீதம் முழு அளவில் செய்தால் 17,280 × 8,640 புள்ளிகள். நான்கு நிற முறையில் ஒரு முழு லேயர் மட்டும் சுருக்காத நிலையில் ஏறத்தாழ 600 எம்பி. பிஎஸ்டி கோப்பின் வரம்பு 2 ஜிபி என்பதால், பல படங்களைக் கிளிப் செய்த கோப்பு சீக்கிரம் அதைத் தொட்டுவிடும். அடியை அங்குலமாகக் குறுக்கி 20 × 10 அங்குலத்தில் 300 புள்ளி வீதம் செய்வது பழகிய வழி: 6,000 × 3,000 புள்ளிகள் போதும், சாலையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அச்சுக்கூடத்துக்கு லேயர்களை ஒன்றாக்கிய டிஃப் கோப்பை அனுப்பி, லேயர்கள் பிரிந்திருக்கும் மூலக் கோப்பைக் கடையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அனுப்பும் முன் திரையில் முழுப் பலகையையும் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்ப்பது நல்லது. எந்த மெய்யின் புள்ளி பின்னணியில் கரைந்திருக்கிறது, எந்த உருவத்தின் வெளிக்கோடு குலைந்திருக்கிறது என்பது அந்த அளவில்தான் பிடிபடும்.