வேம்பநாட்டுக் காயல்: நீர் மாசின் வரலாறு

கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டங்களில் சுமார் 96 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் உப்பங்கழி வேம்பநாட்டுக் காயல். பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில், மூவாற்றுப்புழை ஆறுகளும் வடக்கே பெரியாற்றின் கிளைகளும் இதில் வந்து சேர்கின்றன. கொச்சி முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இக்காயலைக் கெடுத்தவை பெரும்பாலும் இதன் கரையில் மக்களுக்குச் சோறு போட்ட தொழில்கள்தாம்.

அவற்றில் மூத்தது கயிற்றுத் தொழில். 1859-இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் கயிற்று ஆலை தொடங்கிய பிறகு நாருக்கான தேவை பெருகியது. பச்சைத் தேங்காய் மட்டைகளை வலையில் கட்டி, ஆழமில்லாத நீரில் அமிழ்த்தி, சேறும் ஓலையும் போட்டு மூடி எட்டு முதல் பத்து மாதம் ஊறவிடுவார்கள். நாரைப் பிணைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் கரைத்துவிடும். மட்டையிலிருந்து டானினும் பீனால்களும் கசிய நீர் கறுக்கும். ஆக்சிஜன் ஏறக்குறைய அற்றுப்போய் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த மட்டைகளைக் கரையில் உட்கார்ந்து கட்டையால் அடித்து நார் பிரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பொன்னிற நாருக்குச் சந்தை கொடுத்த விலையில் அவர்களுடைய உடல்நலம் கணக்கில் வரவேயில்லை. பிற்பாடு எந்திரங்கள் வந்தன. பொள்ளாச்சிப் பக்கத்து நாரும் வந்து இறங்கியது. மட்டை ஊறல் வெகுவாகக் குறைந்தது.

வடக்கே ஏலூரில் 1940-களிலிருந்து உரம், பூச்சிக்கொல்லி, வேதிப்பொருள் ஆலைகள் எழுந்தன. அவற்றின் கழிவு பெரியாற்றின் வழியே காயலின் வடபகுதிக்கு வந்தது.

பெரிய திருப்பம் தெற்கே, குட்டநாட்டில் நேர்ந்தது. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அதன் நெல்வயல்களில் உப்பு ஏறாமலிருக்கக் கட்டப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை 1976-இல் செயல்பாட்டுக்கு வந்தது. டிசம்பர் நடுவில் மூடி மார்ச் நடுவில் திறப்பது ஏற்பாடு. நெல்லுக்கு அது காவலாக இருந்தது. காயலின் தென்பகுதிக்கோ, கதவுகள் மூடிய மாதங்களில் ஓதம் நின்றுபோனது. அதுவரை என்ன அழுக்கு சேர்ந்தாலும் கடல் ஏறி அலசிக்கொண்டு போனது. 1970-களில் நெற்பயிரைப் புகையான் பூச்சி தாக்கிய பின் பூச்சிமருந்து தெளிப்பு கூடியது. வயலிலிருந்து இறைத்து வெளியேற்றும் நீரோடு மருந்தும் உரமும் வந்து, மூடிய கதவுகளுக்குத் தெற்கே தேங்கின. உப்பு பட்டாலே கருகும் ஆகாயத்தாமரை உரம் குடித்துத் தழைத்தது. முட்டையிட உவர்நீர் தேடிப் போகும் ஆற்று இறால் அணையில் முட்டி நின்றது. மாசின் முதற்காரணம் என்று ஏதேனும் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், எந்தக் கழிவையும்விட இந்த அடைப்பையே சொல்ல வேண்டும்.

1990-களில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் சுற்றுலாப் படகுவீடுகளாயின. டீசல் படலமும் கழிப்பறைக் கழிவும் அந்தத் தேங்கிய நீரிலேயே கலந்தன. நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த குட்டநாட்டார் குடிநீரை விலைக்கு வாங்கும் நிலை வந்தது.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-இல் அளித்த குட்டநாட்டு அறிக்கை, நிலையான பயிர் நாட்காட்டி வேண்டும் என்றது. எல்லா வயலும் ஒரே பருவத்தில் விதைத்து அறுத்தால்தான் கதவுகளை உரிய நாளில் திறக்க முடியும். நடைமுறையில் அறுப்பு தள்ளிப்போகிறது. பிந்திய பயிர்க்காரர்கள் அணையை மூடியே வைக்கச் சொல்கிறார்கள், மீனவர்கள் திறக்கச் சொல்கிறார்கள்.