பொங்கற் படையலும் நாட்டுக்காய் மரபும்

தைத் திங்கள் முதல் நாளன்று நெல்லைச் சீமையிலுள்ள நம்மவர் இல்லங்களில், முற்றத்தில் திருவிளக்கேற்றித் தலைவாழையிலை விரித்து, மஞ்சட்குலை, கரும்பு, பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பிடிகிழங்கு, வாழைக்காய், தடியங்காய், பூசணி ஆகியவற்றைப் பரப்பிவைத்து, பொங்கற்கட்டிகளின்மேற் பானையேற்றிப் பனையோலையால் எரிமூட்டுதல் யாவரும் அறிந்ததே. அவ்விலையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் இடம்பெறா. அறியாது வைத்துவிட்ட மருமகள் வசை கேளாது தப்புதல் அரிது. ‘சாஸ்திரத்திற்கு ஆகாது’ என்பதே பெரியோர் கூறும் காரணம். அது சரித்திரத்தோடு பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களில் திருவமுதுக்குரிய பண்டங்களின் கணக்கு விரிவாக உளது. அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு, கடுகு, சீரகம், புளி, சர்க்கரை என்று வரும் அக்கணக்கில் மிளகாய் இல்லை. இருத்தற்கும் இயலாது, அஃது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த பின்னர், போர்த்துகீசியர் வாயிலாகவே நம் தேசம் புகுந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கின் பிறப்பிடமும் அக்கண்டமே. நாம் பூசணி என்று வழங்கும் மஞ்சட்காயும் அங்குநின்று வந்ததே. வடபால் ஜில்லாக்களில் அதனைப் பறங்கிக்காய் என்று கூறுதலே அதன் வரலாற்றைப் புலப்படுத்தும். இவை மட்டுமோ? பொங்கலுக்கு உயிரென நாம் போற்றும் சிறுகிழங்குங்கூட ஆப்பிரிக்காவுக்குரியது என்பர் தாவர நூலார். அயல்நாட்டுப் பிறப்பே குற்றமாயின், நம் இலையிற் பாதி வெறுமையாகும்.

அங்ஙனமாயின் உருளைக்கிழங்கு விலக்கப்பட்டது எற்றுக்கு? கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்குச் சென்ற பின்னரே அம்மலையில் ஐரோப்பியக் காய்கறிகள் பயிராகத் தொடங்கின. 1876-இல் திருநெல்வேலிக்கு ரயில் வந்தது. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் மலைரயில் சென்றது. மலைக்காய்கள் மூட்டைகளாகக் கடைத்தெருவிற்கு வந்தனவேயன்றி நம் தோட்டங்களில் வேரூன்றவில்லை. பூசணியோ நம் குப்பைமேட்டிற் கொடியோடி, கூரைமேற் காய்த்து, மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நம்மோடு வாழ்ந்தது. மண் வழியாக வந்தவை இலையேறின. ரயில் வழியாக வந்தவை வாயிற்படியிலேயே நின்றன. சாஸ்திரம் என்று பெரியோர் கூறியது இவ்வண்மையையே எனத் தோன்றுகின்றது.

இதற்குப் பிறிதொரு சான்றும் உண்டு. தாமிரபரணிப் பாசனத்திற் பிசான நெல் மாசி, பங்குனியிலேயே அறுவடையாகும். ஆதலின் தஞ்சைச் சீமையிற்போலத் தைப்பொங்கலன்று களத்து நெல் நமக்கு வாய்ப்பதில்லை. அக்காலத்து நம் நிலம் புதிதாகத் தருவது கிழங்கே. ஆடி, ஆவணியிற் கொடி நட்ட சிறுகிழங்கு மார்கழி, தையில் முதிரும். அதனைக் கோணியிலிட்டுத் தரையில் அடித்துத் தேய்த்துத் தோல் போக்கும் வேலை நம் பெண்மக்களுடையது. விரல்களிற் படிந்த கறை எளிதில் நீங்காது. படையலின் பெருமையைப் பேசும் ஆடவர் இவ்வேலையைப் பேசுவதில்லை.

இக்காலத்துப் பொங்கற்காய் முழுவதையும் ஒரே கடையில் ஒரே பையில் வாங்கி வருகின்றோம். அக்காய்கள் எவ்வூரில் விளைந்தன என்று கேட்பாரில்லை. தொலைவூர்க் குளிர்கிடங்கிலிருந்து வந்த சேனையை மகிழ்ந்தேற்று, தன் வீட்டுப் புழைக்கடையிற் காய்த்த தக்காளியை, அமெரிக்கச் செடியாயினும் மண்ணில் வேர்விட்டதனை, இலையில் வைத்த பெண்ணைக் கடிதல் முறையாகுமா? ஆகாது என்பதே எம் துணிபு.

சிறுவீட்டுப் பொங்கலில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். மார்கழி முழுதும் சாண உருண்டைகளிற் பூசணிப்பூச் சூட்டி வாயிலில் வைத்து, பின் அவற்றை வறட்டியாக்கிச் சேர்ப்பர் சிறுமியர். தையில் முற்றத்துச் சிறுவீட்டின் முன் தாமே பொங்கலிட்டு, அப்பொங்கலையும் வறட்டிகளையும் இலையில் ஏந்திச் சென்று ஆற்றில் விடுவர். தாமிரபரணியில் அவ்வாறு மிதந்து செல்வது கடல் கடந்து வந்த கொடியின் பூ.