பில்கட்டும் ஸ்டியரிங்கும்

பார்சல் லாரியில் வேலைக்குச் சேர வண்டி ஓட்டத் தெரிந்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் இந்தத் தொழில் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அங்கே முதலாளிகள் தேடிய ஆள் பாதி டிரைவர், பாதி கணக்குப்பிள்ளை. அப்படித் தேடவைத்தது எல்லையில் நின்ற வரிச் சாவடி.

இரண்டு எல்லைகளுக்கும் வயது வேறு. இடுக்கிப் பக்கத்துக் குமுளியும் போடிமெட்டும் திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவே எப்போதோ எல்லையாகிவிட்டவை. ஆனால் அந்த மலையில் சரக்கு முதலில் லாரியை நம்பி இருக்கவில்லை. மூணாறு தேயிலை 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை போய், ரோப்வேயில் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்த பிறகு சாலைக்கு மவுசு கூடியது. பாலக்காட்டுக் கதை நேர்மாறானது. பாலக்காடு அடங்கிய மலபார் மாவட்டம் சென்னை மாநிலத்திலேயே இருந்ததால், கோவைச் சரக்கு வாளையாரைத் தாண்டும்போது மாநில எல்லை எதுவும் குறுக்கிடவில்லை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோதுதான் அது எல்லையானது. 1963-இன் கேரளப் பொது விற்பனை வரிச் சட்டத்தின் கீழ் செக்போஸ்ட் சோதனை அன்றாட வழக்கமாயிற்று. 1931-இல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் போன்ற நிறுவனங்கள் பேருந்திலிருந்து பார்சலுக்கும் கிளை விட்டபோது, இந்தச் சாவடிகளைக் கடப்பதும் தொழிலின் அங்கமாகிவிட்டது.

செக்போஸ்ட் காலத்தில் சிமெண்ட் லோடு ஏற்றிய லாரிக்கு ஒரு பில் இருந்தால் போதும். பார்சல் லாரியில் ஒரு கடையின் ஜவுளி மூட்டை, இன்னொரு கடையின் மோட்டார் உதிரிபாகம், மருந்துப் பெட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி பில், தனி எல்.ஆர். (லாரி ரசீது), தனி டிக்ளரேஷன். ஒன்று குறைந்தாலும் நிற்பது அந்த மூட்டை மட்டும் அல்ல, வண்டி முழுவதும். டிரைவர் பில்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், தமிழும் மலையாளமும் பேச வேண்டியிருந்தது. அதனால்தான் புது ஆளை நேரே ஸ்டியரிங்கில் உட்காரவைக்கும் வழக்கம் இருக்கவில்லை. கிளீனராகச் சேர்ந்து, லோடு ஏற்றி இறக்கி, பில் அடுக்கப் பழகி, லைசென்ஸும் எடுத்த பிறகு, பழைய டிரைவர் ஒருவர் "பையன் கை சுத்தம்" என்று சொன்னால்தான் வண்டி கைக்கு வரும்.

மலைச்சாலையின் ஆபத்தே அனுபவசாலிகளைத் தேடவைத்தது என்று இதற்கு மறுப்பு வரலாம். போடிமெட்டு, குமுளி மலைப்பாதைகளில் கொண்டை ஊசி வளைவுகளைப் பழகாதவன் ஓட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய சமதளம். அங்கேயும் இதே சிபாரிசு முறை நிலைத்திருந்ததை வளைவுகளைக் கொண்டு விளக்க முடியாது. "கை சுத்தம்" என்பது சாதிக்கும் சொந்தத்துக்கும் போட்ட போர்வை என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் அதிகம். தெரிந்தவன் சொல்ல வேண்டும் என்ற விதி, தெரிந்தவர் இல்லாதவனையும் பெண்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் காணாமல் போன பார்சலுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டிய தொழிலில், சிபாரிசு செய்தவர் ஜாமீன்தாரராகவும் இருந்தார். அநீதியும் தேவையும் ஒரே ஏற்பாட்டில் கலந்திருந்தன.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்து செக்போஸ்ட் வரிசை கலைந்ததோடு இதெல்லாம் முடிந்துவிட்டதா? வேலைக்கான கதவு அகலமானது உண்மை. போக்குவரத்து வண்டி லைசென்ஸுக்கு இருந்த எட்டாம் வகுப்புத் தகுதியை மத்திய அரசு 2019-இல் நீக்கியது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. ஆனால் கணக்கு வேலை ஒழியவில்லை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் வேண்டும், அதன் கெடுவுக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும், பார்சலை ஸ்கேன் செய்து செல்போனில் கையெழுத்து வாங்க வேண்டும். காகிதக் கட்டு கைபேசிக்குள் போய்விட்டது, பொறுப்பு டிரைவரிடமே இருக்கிறது. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அவருடைய வேலை நேரத்துக்கு வரம்பு விதித்தது. வரிசையிலும் திரையிலும் அவர் செய்துவரும் குமாஸ்தா வேலைக்கோ சம்பளச் சீட்டில் தனி இனம் கிடையாது. ஆள் எடுக்கும்போது அந்தத் திறமையை எதிர்பார்க்கும் கம்பெனிகள் அதற்குக் கூலியும் நிர்ணயிப்பதே முறை.