கங்காரு வாலில் தொடங்கிய வரைபடம்: கொலாஜன் சர்ச்சையும் ராமச்சந்திரன் வரைபடமும்

புரதங்களின் வடிவம் பற்றிய பாடநூல் எதைப் புரட்டினாலும் ராமச்சந்திரன் வரைபடம் கண்ணில் படும். ஜி. என். ராமச்சந்திரனைப் பற்றி எழுதுவோர் பொதுவாக இரண்டு சாதனைகளை அடுத்தடுத்து வைப்பார்கள்: 1954-இல் கொலாஜனின் மூவிழைச் சுருள், 1963-இல் இந்த வரைபடம். இப்படி அடுக்கும்போது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் காணாமல் போய்விடுகின்றன. மூவிழைச் சுருளின் மீது வந்த ஒரு கடுமையான ஆட்சேபத்துக்கு விடை தேடப் போன வழியில் கிடைத்ததுதான் வரைபடம். அந்த ஆட்சேபத்தின் மையக் கூற்று சரியானது என்பது பிற்காலத்தில் உறுதியானதால்தான் இந்தக் கதை சுவை கூடியதாகிறது.

புரத இழைகளின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உள்ளமைப்பை ஊகிக்கும் முயற்சி 1930-களில் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரியிடம் சூடுபிடித்தது. அவர் கையில் இருந்தது கம்பளி. 1951-இல் அமெரிக்காவில் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் ஆல்ஃபா சுருளை முன்வைத்தார்கள், அது நிலைத்தது. அதே ஆண்டில் கொலாஜனுக்கும் மூன்று இழைகள் கொண்ட ஓர் அமைப்பைச் சொன்னார்கள்; அது நிலைக்கவில்லை. தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு என்று பாலூட்டி உடலின் தாங்குசட்டம் முழுவதும் பரவியிருக்கும் கொலாஜன், விடுபடாத புதிராகவே இருந்தது.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைத் தலைமைக்கு முதலில் நாடியது சி. வி. ராமனை. அவர் தம் மாணவரைக் கைகாட்டினார். எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடமும் கேம்பிரிட்ஜில் வூஸ்டரிடமும் படிகவியல் பயின்ற ராமச்சந்திரன் அப்படித்தான் கிண்டி வளாகத்துக்கு வந்தார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனுக்கு இதுவரை சொல்லப்பட்ட எந்த அமைப்பும் திருப்தி தரவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இளம் பேராசிரியர் அதைப் பிடித்துக்கொண்டார்.

நல்ல படம் எடுக்க நல்ல இழை வேண்டும். கூப்பிடு தூரத்தில் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண். இழைகள் ஒரே திசையில் சீராகப் படிந்திருப்பது இத்தகைய தசைநாணின் சிறப்பு; எக்ஸ் கதிர்ப் படத்தில் புள்ளிகள் தெளிவாக விழும். தோலைப் பதனிடும் ஆராய்ச்சிக்கென எழுந்த நிலையம் பக்கத்தில் இல்லாதிருந்தால் இந்தக் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

ராமச்சந்திரனும் உடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் படத்தோடு வேதியியல் தரவு ஒன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். எல்லா அமினோ அமிலங்களிலும் சிறியது அது. அதன் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. மூன்றில் ஒன்று என்றால், ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருகிறது என்று பொருள் கொள்ளலாம். மூன்று இழைகள் நெருக்கமாக ஒன்றுசேரும்போது நடுவில் வேறு எதற்கும் இடமில்லை. அங்கே கிளைசின் மட்டுமே நுழைய முடியும். 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் அவர்களின் மூவிழை மாதிரி வெளியானது. அதில் ஒவ்வொரு இழையும் ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று அமினோ அமிலங்கள் கொண்டிருந்தது. எக்ஸ் கதிர்த் தரவோ 3.3 என்றது. 1955-இல் திருத்தினார்கள்: மூன்று இழைகளும் தாமே முறுகியிருப்பதோடு பொது அச்சொன்றைச் சுற்றியும் முறுகுகின்றன. பூமியைச் சுற்றும் நிலா எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதுபோல, கிளைசின் எப்போதும் நடுவையே பார்த்து நிற்கிறது.

சில வாரங்களிலேயே மறுப்பு வந்தது. அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் சுருளுக்குள் சுருள் என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் சென்னை மாதிரியில் மூன்று அமினோ அமிலத்துக்கு, இழைகளை இணைக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் இருந்தன. அப்படி அமைத்தால் சில அணுக்கள் ஒன்றையொன்று நெருங்கக் கூடாத அளவுக்கு நெருங்கிவிடும், ஆகவே ஒரு பிணைப்பே சாத்தியம் என்பது அவர்கள் வாதம். லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழுவும் அதே காலத்தில் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. கிரிக் அப்போது டி.என்.ஏ. மாதிரியால் புகழின் உச்சியில் இருந்தவர். அவர் சொல்லுக்கு எடை அதிகம்.

இங்கேதான் ராமச்சந்திரன் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: “நெருங்கக் கூடாத அளவு” என்றால் எவ்வளவு? அதற்கு உறுதியான எண் யாரிடமும் இல்லை. ஆளுக்கொரு அளவை வைத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். வி. சசிசேகரனும் பின்னர் சேர்ந்த சி. ராமகிருஷ்ணனும் உடனிருக்க, அதுவரை அமைப்பு தெரிந்த அமினோ அமிலப் படிகங்களையும் சிறு பெப்டைடுகளையும் ஒன்றுவிடாமல் அலசி, பிணைப்பில்லாத இரு அணுக்கள் இயற்கையில் எவ்வளவு நெருங்குகின்றன என்று அட்டவணை இட்டார்கள். ஒவ்வொரு இணைக்கும் இரண்டு எல்லைகள். கார்பனுக்கும் கார்பனுக்கும் இயல்பாக 3.2 ஆங்ஸ்ட்ராம், அரிதாக 3.0. ஆக்சிஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் 2.7, அரிதாக 2.6. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அந்தப் பங்கிலும் பத்தில் ஒன்று, இரண்டு என்று பேரம் நடந்தது.

அட்டவணை கையில் இருந்தால் கேள்வியைக் கொலாஜனோடு நிறுத்த வேண்டியதில்லை. புரதச் சங்கிலியில் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, திரும்பாது. இது பாலிங் காலத்திலேயே தெரிந்த செய்தி. எனவே சங்கிலியின் முதுகெலும்பு ஒவ்வொரு அமினோ அமிலத்தின் நடுவிலுள்ள ஆல்ஃபா கார்பனின் இருபுறமும் மட்டுமே திரும்ப முடியும். இரண்டே கோணங்கள். இன்று ஃபை, சை என்று அழைக்கிறோம். ஒன்றைக் கிடையச்சிலும் மற்றதை நிலையச்சிலும் வைத்தால், ஒரு சதுரத்துக்குள் அந்தச் சங்கிலி அங்கே எடுக்கக்கூடிய எல்லாத் தோரணைகளும் அடங்கிவிடும். ஒவ்வொரு கோண இணையிலும் எந்த அணு எதை இடிக்கிறது என்று மேசைக் கணிப்பானில் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டார்கள். இடிப்பவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் சதுரத்தின் பெரும்பகுதி காலி. தீவுகள்போலச் சில திட்டுகளே மிஞ்சின. ஒன்றில் ஆல்ஃபா சுருள், மற்றொன்றில் பீட்டா தாளும் கொலாஜனும், சிறிய மூன்றாவதில் இடக்கைச் சுருள். 1963-இல் ‘ஜர்னல் ஆஃப் மாலிக்யூலர் பயாலஜி’ இதழில் மூவர் பெயரிலும் வந்த அந்தக் கட்டுரை ஐந்தே பக்கம்.

அதன் துணிவை இன்று உணர்வது கடினம். முழுப் புரதம் ஒன்றின் அணு அமைப்பு அப்போதுதான் வெளிவரத் தொடங்கியிருந்தது; ஜான் கெண்ட்ரூவின் மயோகுளோபின் 2 ஆங்ஸ்ட்ராம் தெளிவை எட்டியதே 1960-இல். பெரும்பாலான புரதங்களைப் பார்ப்பதற்கு முன்பே, அவை எங்கெல்லாம் இருக்க முடியாது என்று சென்னையில் எழுதி வைத்துவிட்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் ஒவ்வொரு புதிய புரதத்தின் புள்ளிகளும் பெரும்பாலும் அந்தத் திட்டுகளிலேயே போய் விழுந்தன.

சர்ச்சை என்னவாயிற்று? ராமச்சந்திரன் இரண்டாவது பிணைப்பை எளிதில் விட்டுவிடவில்லை. 1968-இல் அதற்கு வேறு வடிவம் கொடுத்தார்: இழைகளுக்கிடையே நீர் மூலக்கூறு ஒன்று பாலமாக நின்று அந்தப் பிணைப்பை முடிக்கிறது என்றார். 1994-இல் பெல்லா, ஈட்டன், பிராட்ஸ்கி, பெர்மன் ஆகியோர் கொலாஜன் போன்ற பெப்டைடு ஒன்றின் படிக அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் கண்டனர். மூன்று அமினோ அமிலத்துக்கு நேரடிப் பிணைப்பு ஒன்றுதான். ரிச்சும் கிரிக்கும் சொன்னதே சரி. கூடவே சுருளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் வலைபோலப் பின்னி இழைகளைப் பாலமிட்டு இணைத்திருந்தன. இதில் சென்னைக்குப் பாதி வெற்றி என்று எழுதுபவர்கள் உண்டு. என் கணிப்பில், பிணைப்பு எண்ணிக்கையில் சென்னை தோற்றது. ஆனால் தோற்ற வாதத்துக்காகச் சேர்த்த அட்டவணைதான், வென்ற வாதத்தைவிட நெடுநாள் வாழ்கிறது. ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை என்ற ஆதங்கத்தையே திரும்பத் திரும்ப எழுதுவதில் இந்த நுட்பம் மறைந்துபோகிறது.

கர்த்தா பின்னர் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய், 1967-இல் பெல்லோ, ஹார்க்கர் ஆகியோருடன் ரைபோநியூக்ளியேஸ் நொதியின் அமைப்பைக் கண்டார். ராமச்சந்திரன் 1970-ஐ ஒட்டிச் சென்னையை விட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை உருவாக்கினார். 2001-இல் மறைந்தார்.

வரைபடத்தின் இன்றைய வேலை சோதனைச்சாவடி வேலை. உலகப் புரதத் தரவு வங்கியில் ஓர் அமைப்பைச் சேர்க்க வருவோரின் மாதிரி இதன் வழியாகத்தான் செல்ல வேண்டும். விலக்கப்பட்ட பகுதியில் விழும் புள்ளிகளுக்கு அறிக்கையில் ‘ராமச்சந்திரன் அவுட்லையர்’ என்று பெயர். பெரும்பாலும் அது மாதிரியை அமைத்தவரின் பிழை. கணினியே முன்கணித்துத் தரும் புரத வடிவங்களையும் இதில் இட்டுத்தான் பார்க்கிறார்கள். ஓர் அமினோ அமிலத்துக்கு இந்தச் சோதனையில் தனி வரைபடமே உண்டு. பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு என்பதால் மற்றவை நுழைய முடியாத இடங்களிலும் அது தாராளமாக நடமாடும். கங்காரு வால் இழையில், மூன்றுக்கு ஒன்றாக நடுவைப் பார்த்து நின்ற அதே கிளைசின்தான் அது.